ஒரு மாதம் வீட்டுக் குப்பையை எடை போட்டேன்: 6.4 கிலோ சாப்பாடு!

ஜங்ஷன் தாத்தா | மே 31, இரவு 8.40

ரயில்வேயில் ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. சேலம் சூரமங்கலத்தில் வீடு. பையன் போன ஜூனில் வேலை கிடைத்துப் பெங்களூரு போய்விட்டான். இப்போது நான், மனைவி, மாமியார், மூன்றே பேர்.

அவன் பெட்டியை நிறுக்க வாங்கிய கொக்கித் தராசு ஒன்று சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. மே 1 அன்று அடுப்படியில் இரண்டு பக்கெட் வைத்தேன். ஒன்றில் தோல், கொட்டை, காம்பு, டீத்தூள் என்று யாரும் சாப்பிடாதவை. மற்றதில், யாராவது சாப்பிட்டிருக்க வேண்டியது, ஆனால் கொட்டப் போவது. காலையில் குப்பை வண்டி வருவதற்குள் இரண்டையும் தூக்கிப் பார்த்து டைரியில் எழுதிவிடுவேன். "குப்பையை நிறுக்கத்தான் ரிட்டயர் ஆனீங்களா?" என்று மனைவி கேட்டார். மாமியார் ஒன்றும் கேட்கவில்லை. என்னைப் பார்த்தார், அப்புறம் மகளைப் பார்த்தார், அவ்வளவுதான்.

31 நாளில் மொத்தம் 21 கிலோ. தோலும் கொட்டையும் 14.6. மீதி 6.4 கிலோ சாப்பாடு. அதில் சோறு 2.1 கிலோ, கீரையும் காய்கறியும் 1.8, இட்லி மாவு 1.3, குழம்பு ரசம் 700 கிராம், ரொட்டி, பழம் என்று சில்லறையாக 500 கிராம்.

ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் 2024 அறிக்கைப்படி, இந்திய வீடுகளில் ஆளுக்கு வருடம் 55 கிலோ உணவு வீணாகிறது. நம் கணக்கு 6.4 பெருக்கல் 12 வகுத்தல் 3. ஆளுக்கு 25.6 கிலோ. பாதிகூட இல்லை என்று ஒரு பக்கம் சந்தோஷம். ஆனாலும் அந்த 2.1 கிலோ சோறு உறுத்துகிறது. மாவும் அப்படித்தான். மே மாத வெயிலில் காலையில் அரைத்தது சாயங்காலம் பாத்திரத்தை விட்டு வெளியே வந்து நிற்கிறது. குறைக்க வழி சொல்லுங்கள்.

நால்ரோடு அடுப்படி | மே 31, இரவு 9.22

அண்ணா, நல்ல வேலை செய்திருக்கிறீர்கள். கோபித்துக்கொள்ளாமல் ஒன்று சொல்லுங்கள். நிறுத்தது நீங்கள். ஆக்குவது அண்ணிதானே? அவர்களிடம் "தினமும் எத்தனை ஆழாக்கு போடுகிறாய்?" என்று ஒருமுறையாவது கேட்டீர்களா?

இன்னொன்று. தினமும் சோறு மீந்தால் 2.1 கிலோவில் நிற்காது. மிச்சம் எங்கே போகிறது?

ஜங்ஷன் தாத்தா | ஜூன் 1, காலை 6.15

கேட்டேன் அம்மா. மத்தியானத்துக்கு மூன்று ஆழாக்கு. பையன் இருந்தபோதும் மூன்றுதான். அவன் போய் ஒரு வருடம் ஆகியும் அளவு மாறவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "வெள்ளிக்கிழமை ராத்திரி சொல்லாம வந்து நின்னா என்ன பண்றது?" என்றார். சொல்லாமல் வந்தது இந்த ஒரு வருடத்தில் இரண்டு முறை.

மிச்சம் எங்கே போகிறது என்று கேட்டீர்களே, என் வயிற்றுக்குள்தான். ராத்திரி தண்ணீர் ஊற்றி வைப்பார், காலையில் மோரும் சின்ன வெங்காயமுமாக நான் முடித்துவிடுவேன். முடியாத நாளில்தான் பக்கெட்டுக்கு வரும். டாக்டர் சோற்றைக் குறைக்கச் சொல்லி ஆறு மாதம் ஆகிறது. யோசித்தால், இந்த வீட்டில் மூன்றாவது பக்கெட் நான்தான்.

கணக்கு வாத்தியார் | ஜூன் 1, காலை 7.02

ஐயா, வகுப்பாக இருந்தால் சிவப்பு மையில் சுழித்திருப்பேன். ஐ.நா. சொல்லும் 55 கிலோவில் தோல், கொட்டை, எலும்பு எல்லாம் சேர்த்தி. சாப்பிடக் கூடியது, கூடாதது இரண்டையும் சேர்த்துத்தான் அவர்கள் உணவுக் கழிவு என்கிறார்கள். நீங்கள் ஒப்பிட வேண்டியது 6.4 கிலோவை அல்ல, 21 கிலோவை. 21 பெருக்கல் 12 வகுத்தல் 3, ஆளுக்கு 84 கிலோ. உலக சராசரியே 79 கிலோதான்.

தவிர, ஒரு மாதக் கணக்கைப் பன்னிரண்டால் பெருக்குவதே சரியில்லை. எந்த மாதம் என்று பார்க்க வேண்டும்.

ஜங்ஷன் தாத்தா | ஜூன் 1, காலை 7.40

பட்ட அவமானத்தில் டைரியைப் புரட்டினேன். எந்த மாதம் என்றீர்களே, அங்கேதான் இருக்கிறது. சேலத்தில் மே மாதம் என்றால் மாம்பழம். மல்கோவா ஒரு பெட்டி, இமாம் பசந்த் ஒரு பெட்டி, மச்சான் தோட்டத்திலிருந்து ஒரு மூட்டை பெங்களூரா. 14.6 கிலோவில் பாதிக்கு மேல் மாங்கொட்டையும் தோலும். போதாததற்கு ஏற்காட்டிலிருந்து ஒரு பலாப்பழம் வந்தது. அதன் சடையையும் தோலையும் நிறுத்த அன்று மட்டும் 2 கிலோ 300.

இருந்தாலும் சுழித்தது சுழித்ததுதான். ஒத்துக்கொள்கிறேன்.

நால்ரோடு அடுப்படி | ஜூன் 1, காலை 10.10

மாங்கொட்டையைப் பார்த்துப் பெருமூச்சு விட வேண்டாம் அண்ணா. அதைக் குறைக்க முடியாது, குறைக்கவும் கூடாது. காற்றில் விழுந்த பிஞ்சையும் காயையும் மட்டும் விட்டுவிடாதீர்கள். எங்கள் அம்மாயி பங்குனி, சித்திரைக் காற்றில் விழுந்ததைப் பொறுக்கி, கீற்றாக நறுக்கி உப்பில் போட்டு, மாடியில் காயவைத்துவிடும். அந்த மாங்காய் வற்றல் ஐப்பசி மழையில் காய் விலை ஏறும்போது குழம்புக்கு இறங்கும்.

சோற்றுக்கு வருகிறேன். அண்ணியிடம் "குறை" என்று சொல்லாதீர்கள். குறையாது. ஆழாக்கை மாற்றுங்கள். நான் அரிசி டப்பாவில் கிடந்த எவர்சில்வர் ஆழாக்கை எடுத்துவிட்டு, கொஞ்சம் சின்ன டம்ளர் போட்டேன். கை பழக்கத்தில் மூன்று என்று எண்ணும், அரிசி முக்கால்வாசிதான் விழும். எங்கள் வீட்டுக்காரருக்கு இன்றுவரை தெரியாது. ஆக்குகிறவர் கைக்குக் கணக்கு தெரியும். பத்தாமல் போய்விட்டால் என்ன ஆவது என்ற பயம்தான் கூட ஒரு கை அள்ளிப் போடுகிறது. அந்தப் பயத்துக்கு ஒரு வழி வேண்டும். என் வழி, ரவை. யார் வந்து நின்றாலும் பத்து நிமிடத்தில் உப்புமா. ஒரு டப்பா ரவை இருக்கிறது என்ற தைரியத்தில்தான் நான் சோற்றைக் குறைத்தேன்.

லேப் தங்கச்சி | ஜூன் 1, பகல் 1.35

நுண்ணுயிரியல் பாடம் எடுப்பவள். பழையது பற்றி இரண்டு வார்த்தை. விரட்டுகிறேன் என்று நினைக்க வேண்டாம், நானும் சாப்பிடுகிறவள்தான்.

அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் இருக்கும். வேகவைத்தாலும் சாகாது. சோறு வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் அடுப்பு மேடையில் கிடந்தால் முளைத்துப் பெருகி நச்சை விடும். அந்த நச்சு அப்புறம் சூடு பண்ணினாலும் போகாது. "திரும்பக் கொதிக்க வைத்துவிட்டேனே" என்பது குழம்புக்கு வேண்டுமானால் கொஞ்சம் பொருந்தும், சோற்றுக்குப் பொருந்தாது.

பழையது வேறு கதை. ஆறிய சோற்றில் நீர் ஊற்றும்போது லாக்டிக் அமில பாக்டீரியா முந்திக்கொண்டு புளிக்க வைக்கிறது. புளிப்பு ஏறினால் மற்றவை வளர்வது சிரமம். ஆனால் மத்தியானம் 12 மணிக்கு வடித்து, ராத்திரி 10 மணி வரை அப்படியே வைத்திருந்து, அப்புறம் தண்ணீர் ஊற்றினால் அது பழையது கணக்கில் வராது. சாப்பிட்டு முடித்து இரண்டு மணி நேரத்துக்குள் தண்ணீர் ஊற்றுங்கள், இல்லை ஃபிரிட்ஜில் வையுங்கள். சேலத்து மே மாதத்தில் காலை எட்டு மணிக்குள் சாப்பிட்டுவிடுங்கள். கையில் எடுத்தால் நூல் விட்டாலோ, புளிப்பு வாசம் இல்லாமல் வேறு வாசம் வந்தாலோ யோசிக்காமல் கொட்டுங்கள். 200 கிராம் சோற்றை மிச்சம் பிடிக்கப் போய் மாமியாரை ஆஸ்பத்திரியில் சேர்த்தால் கணக்கு எங்கேயோ போய்விடும்.

மாவுக்கு: அரைத்ததும் இரண்டாகப் பிரியுங்கள். நாளைக்கு வேண்டியதற்கு மட்டும் உப்புப் போட்டுக் கரைத்து வெளியே வையுங்கள். மற்ற பாதியை உப்பில்லாமல், புளிக்க விடாமல், நேராக ஃபிரிட்ஜில், கதவுப் பக்கம் இல்லாமல் கீழ்த் தட்டில் பின்னால் தள்ளி வையுங்கள். கதவுதான் ஃபிரிட்ஜிலேயே சூடான இடம். வேண்டும் என்கிற நாளுக்கு முதல்நாள் சாயங்காலம் வெளியே எடுத்து உப்புப் போட்டால் புதிதாகப் புளிக்கும். எல்லாவற்றையும் ஒரே நாளில் புளிக்க வைத்துவிட்டு, அப்புறம் நாலு நாள் ஃபிரிட்ஜில் வைத்து அது புளிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பதால்தான் கடைசி ஒரு கிண்ணம் கொட்ட வேண்டி வருகிறது.

ஏற்காடு மிளகு | ஜூன் 1, மாலை 4.50

கீழே உங்களுக்கு மாவு பொங்கி வழிகிற பிரச்சினை. மேலே எங்களுக்கு மாவு அசைவேனா என்கிறது. மார்கழியில் பாத்திரத்தைச் சாக்கில் சுற்றி, வெந்நீர் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு ராத்திரி முழுக்கப் படுக்க வைத்தும் மறுநாள் மத்தியானம்தான் எழுந்திருக்கும். 1500 மீட்டர் உயரத்தில் இட்லி என்பது பொறுமைக்குப் பரீட்சை.

எங்கள் தலைவலி வேறு. குப்பையை வெளியே வைத்தால் வண்டி வருவதற்குள் குரங்கு வந்துவிடும். அதைக்கூடச் சமாளிக்கலாம். ஒருநாள் பின்கட்டில் பலாத்தோலைக் கொட்டி வைத்தேன். ராத்திரி சத்தம் கேட்டு டார்ச் அடித்தால், அடுப்படிக் கதவுக்கு ஆறடி தள்ளி ஒரு காட்டெருமை. வெள்ளைக் காலுறை போட்டது போல நாலு கால், அதற்கு மேலே சுவர் மாதிரி உடம்பு. தலையைத் தூக்கி வெளிச்சத்தைப் பார்த்தது, திரும்பவும் தோலுக்கே போய்விட்டது. நான் டார்ச்சை அணைத்துவிட்டு, விடியும்வரை பாத்ரூமுக்குக்கூடப் போகவில்லை.

அன்றிலிருந்து மண்ணில் குழி, மேலே பலகை, பலகை மேல் கல். காபித் தொலியும் சில்வர் ஓக் சருகும் இங்கே கேட்பாரற்றுக் கிடக்கிறது, அதை மாற்றி மாற்றிப் போடுகிறேன். குளிரில் மக்க நாளாகும், மற்றபடி நல்ல எரு. மிளகுக் கொடிக்கு அதுதான்.

மலையேறி வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 20 கொண்டை ஊசி வளைவிலும் வண்டியை நிறுத்திக் குரங்குக்குப் புளிசாதம் போடுவதை "வீணாகாமல் கொடுத்தோம்" என்று கணக்கு எழுதாதீர்கள். அந்தக் குரங்கு மறுநாள் எங்கள் ஓட்டைப் பிரிக்கிறது.

அப்புறம், பட்டர் ஃப்ரூட் வாங்கிப் போகிறவர்கள் கல்லாக இருக்கிறதே என்று ஃபிரிட்ஜில் போட்டுவிடுகிறார்கள். அது மரத்தில் பழுக்காது, பறித்த பிறகுதான் பழுக்கும். வெளியே வாழைப்பழத்தோடு காகிதப் பையில் வையுங்கள், வாழைப்பழத்திலிருந்து வரும் எத்திலீன் அதைப் பழுக்க வைத்துவிடும். பழுத்த பிறகு ஃபிரிட்ஜ்.

ஐந்துரோடு வாசி | ஜூன் 1, இரவு 8.05

இவ்வளவு யோசனை எதற்கு? நாங்கள் மீந்ததை ஒரு டப்பாவில் போட்டு வீட்டு வேலைக்கு வரும் அம்மாவிடம் கொடுத்துவிடுவோம். எங்கள் வீட்டில் வீண் என்பதே கிடையாது.

செவ்வாய்ப்பேட்டைத் தம்பி | ஜூன் 1, இரவு 11.48

எழுதலாமா வேண்டாமா என்று மூன்று மணி நேரம் யோசித்தேன்.

எங்கள் அம்மா பத்து வீட்டுக்கு வேலைக்குப் போய்த்தான் என்னைப் படிக்க வைத்தது. சாயங்காலம் வயர் கூடையில் நாலு டப்பா வரும். வீட்டுக்குள் நுழைவதற்கு முன்னால், தெருமுனைச் சாக்கடைப் பக்கம் நின்று ஒவ்வொரு மூடியாகத் திறந்து முகர்ந்து பார்க்கும். இரண்டு டப்பா அங்கேயே காலியாகிவிடும். மறுநாள் டப்பாவைக் கழுவிக் கொண்டுபோய், "நல்லா இருந்துச்சுங்கம்மா" என்று சொல்லிக் கொடுக்கும். சொல்லாவிட்டால் அவர்கள் முகம் மாறிவிடுமாம்.

உங்கள் குப்பைதான் எங்கள் தெருச் சாக்கடைக்கு வந்தது சார். எடை குறையவே இல்லை. ஒரே ஒரு வீட்டில், தாங்கள் சாப்பிட உட்காரும் முன்னாலேயே, சுடச்சுட ஒரு தட்டில் போட்டு, "உட்கார்ந்து சாப்பிட்டுட்டு வேலையப் பாரு" என்பார்கள். அந்த வீட்டு வேலையை அம்மா கடைசி வரை விடவில்லை.

ஐந்துரோடு வாசி | ஜூன் 2, காலை 6.30

தம்பி, பதில் சொல்லத் தெரியவில்லை. இன்று மத்தியானத்திலிருந்து முதல் கரண்டியிலேயே எடுத்து வைக்கச் சொல்லிவிட்டேன். அவர் நான்கு வருடமாக எங்கள் வீட்டுக்கு வருகிறார். அந்த டப்பாவும் கழுவித்தான் வருகிறது.

கன்னங்குறிச்சி மாட்டுக்காரர் | ஜூன் 2, காலை 9.15

மாட்டுக்கும் இதே கதைதான். முன்பெல்லாம் வீட்டுக்கு வீடு கழனிப்பானை வைத்திருப்பார்கள். அரிசி கழுவிய தண்ணி, வடித்த கஞ்சி, காய்த் தோல், எல்லாம் அதில் விழும். சாயங்காலம் நாங்கள் போய் எடுத்து வருவோம். இப்போதும் நாலு வீட்டில் கொடுக்கிறார்கள், நல்லது. ஆனால் தயவு செய்து பாலித்தீன் பையில் முடிச்சுப் போட்டுக் கொடுக்காதீர்கள். மாடு முடிச்சை அவிழ்க்காது, பையோடு விழுங்கிவிடும். போன வருடம் ஒரு கறவை மாட்டை அப்படி இழந்தேன்.

பெரிய தப்பு இன்னொன்று. விசேஷ வீட்டில் மீந்தது என்று ஒரு அண்டா சோற்றைக் கொண்டுவந்து தொட்டியில் கொட்டுவார்கள். புண்ணியம் என்று நினைப்பு. மாட்டுக்கு வெந்த சோறும் பொங்கலும் அதிகமானால் வயிற்றில் அமிலம் ஏறி, வயிறு உப்பி, அசை போடுவதை நிறுத்திவிடும். கவனிக்காவிட்டால் செத்தும் போகும். மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் மாட்டு டாக்டர்களுக்கு ஓய்வு கிடையாது, அதற்குக் காரணம் இதுதான். காய்த் தோல், கீரைக் காம்பு, வாழைத்தோல் எவ்வளவு வேண்டுமானாலும் கொடுங்கள். சோறு என்றால் இரண்டு கை, போதும். எங்கள் மாடெல்லாம் திப்பி தின்று பழகியது, உங்கள் வீட்டுச் சாம்பார் சாதத்துக்கு ஏங்கவில்லை.

பெங்களூரு சேலத்தான் | ஜூன் 2, காலை 11.20

திப்பி என்றால் என்ன என்று இங்கே பக்கத்து சீட்டுக்காரர் கேட்கிறார். மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசிக்கு மாவை எடுத்த பிறகு மிஞ்சும் நார்ச்சக்கை என்று சொல்லிப் புரிய வைப்பதற்குள் டீ ஆறிவிட்டது.

விஷயத்துக்கு வருகிறேன். வீட்டில் ஒரு பிடி சோற்றுக்கு இத்தனை பேர் மெனக்கெடுகிறீர்கள். ஒரு கல்யாண மண்டபத்தில் ஒரு பந்தியில் போவது இதைப் போல நூறு மடங்கு. இலையில் 21 வகை வைத்து, 12 வகையை மூடி வைத்துவிட்டு எழுந்து போகிறார்கள். முதலில் அதை நிறுத்தச் சொல்லுங்கள்.

கணக்கு வாத்தியார் | ஜூன் 2, பகல் 12.30

மண்டபத்தில் ஒரே இடத்தில் மலையாகத் தெரிகிறது, அதனால் கண்ணை உறுத்துகிறது. வீட்டில் பிடி பிடியாகப் போவதால் தெரிவதில்லை. அதே அறிக்கையில் 2022க்கான உலகக் கணக்கு இருக்கிறது. வீணானது மொத்தம் 105 கோடி டன். அதில் வீடுகள் 63 கோடி. ஓட்டல், சமையல் கான்ட்ராக்ட் வகையறா 29 கோடி. கடைகள் 13 கோடி. நூற்றுக்கு அறுபது அடுப்படியிலிருந்துதான்.

இலையை மூடுகிறவர்களைத் திட்டுவதில் நானும் உங்களோடு சேர்ந்துகொள்கிறேன், அது வேறு. ஆனால் மண்டபத்துக்கு நான் வருடத்தில் பத்து நாள்தான் போகிறேன். அடுப்படிக்கு 365 நாள்.

அம்மாபேட்டைத் தறி | ஜூன் 2, இரவு 9.40

தறி வீடு, முற்றம் கிடையாது, மாடியில் மூன்று மண்பானைதான் எங்கள் உரக்கிடங்கு. இரண்டு வருடமாக நடக்கிறது. முதல் பானை எப்படிக் கெட்டது என்று சொல்கிறேன், யாருக்காவது உதவும். ஆசையாகத் தோல், சோறு, சாம்பார் எல்லாம் ஊற்றி மூடி வைத்தேன். ஒரே வாரத்தில் நாற்றம் தாங்கவில்லை, பக்கத்து வீட்டு அக்கா ஏதாவது எலி செத்துக் கிடக்கிறதா என்று கேட்டது. ஈரம் கூடிப்போய்க் காற்று போகாமல் அழுகிவிட்டது.

இப்போது ஒரு கை ஈரக் கழிவு போட்டால், அதே அளவுக்கு மேல் காய்ந்த இலையோ தேங்காய் நார்த்தூளோ போட்டு மூடுகிறேன். குழம்பு, எண்ணெய் கிடையாது. முதல் அடுக்கில் கொஞ்சம் புளித்த மோர் தெளித்தால் மக்க ஆரம்பிப்பது வேகம். அள்ளிப் பிழிந்தால் தண்ணீர் சொட்டக் கூடாது, கை ஈரமாக வேண்டும், அதுதான் பதம். ஒரு பானை நிறைய ஒரு மாதம், மக்க இரண்டு மாதம். அதற்குள் மற்ற இரண்டும் சுற்றில் இருக்கும்.

ஒருநாள் மூடியைத் திறந்தால் விரல் நகம் நீளத்துக்குப் பழுப்பாகத் தட்டையாகப் புழு, பானை முழுக்க நெளிகிறது. பயந்து மண்ணெண்ணெய் ஊற்றப் போனேன். நல்லவேளை பையன் தடுத்தான். அது பிளாக் சோல்ஜர் ஃப்ளை என்கிற ஈயின் புழுவாம், கழிவை அதுதான் வேகமாகத் தின்று தீர்க்கிறதாம், வீட்டு ஈ மாதிரி சாப்பாட்டில் வந்து உட்காராதாம். காய்ந்த இலை இரண்டு கை கூடப் போட்டதும் எண்ணிக்கை குறைந்தது.

ஏற்காட்டு நண்பர் பாக்கியசாலி. நார்த்தூள் கட்டி நான் காசு கொடுத்து வாங்குகிறேன், அவருக்குச் சருகு சும்மா விழுகிறது.

லேப் தங்கச்சி | ஜூன் 3, காலை 7.10

தறி அண்ணா சொன்ன "காற்று போகாமல் அழுகிவிட்டது" என்பதுதான் குப்பைமேட்டில் பெரிய அளவில் நடக்கிறது. அடியில் காற்றில்லாமல் அழுகும் சோற்றிலிருந்து மீத்தேன் வரும். நூறு வருடக் கணக்கில் பார்த்தால் கரியமில வாயுவை விட 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும் வாயு. செட்டிச்சாவடிக் குப்பைக்கிடங்குக்குப் போகும் வண்டியில் மக்கும் குப்பை தனியாகப் போனால்தான் அதைக் கொஞ்சமாவது தவிர்க்க முடியும். பிரித்துக் கொடுக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு, மக்கும் குப்பையைப் பாலித்தீன் கவரோடு பச்சைக் கூடையில் போடுகிறவர்கள் எங்கள் தெருவிலேயே ஏழு வீடு. தூய்மைப் பணியாளர் ஒவ்வொன்றாகக் கையால் கிழித்துக் கொட்டுகிறார்.

நால்ரோடு அடுப்படி | ஜூன் 3, காலை 10.45

எல்லாரும் பானைக்கும் மாட்டுக்கும் போய்விட்டீர்கள். அதற்கு முன்னால் அம்மி இருக்கிறதே!

பீர்க்கங்காய்த் தோல் துவையல் தெரியாதவர் இருக்க மாட்டீர்கள். மேராக்காய் (சௌசௌ) தோலும் அதே மாதிரி, வதக்கும்போது உளுந்து கொஞ்சம் கூட. முள்ளங்கி வாங்கும்போது இலையைக் கிள்ளி எறியச் சொல்லாதீர்கள், பாசிப்பருப்பு போட்டால் அருமையான பொரியல். தர்பூசணியின் வெள்ளைப் பகுதி கூட்டுக்குச் சுரைக்காய் மாதிரி. காலிஃபிளவர் தண்டை மெல்லிசாகச் சீவி சாம்பாரில் போட்டால் யாருக்கும் தெரியாது. பலாக்கொட்டையைக் கொட்டியிருந்தால் அண்ணா, அதை மட்டும் மன்னிக்க மாட்டேன். புளித்த மாவுக்குக் குழிப்பணியாரக் கல் இருக்கிறது. ரொம்பப் புளித்துவிட்டால் கொஞ்சம் ரவை, வெங்காயம், பச்சை மிளகாய்.

இரண்டு நாள் குழம்பும் பொரியலும் மீந்ததை ஒன்றாகப் போட்டுச் சுண்டவைத்த சுண்டக்கறிக்கு எங்கள் வீட்டில் சண்டையே நடக்கும். ஆனால் அதற்கும் தங்கச்சி சொன்னது பொருந்தும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துச் சுண்ட வைக்க வேண்டும், மேடையில் கிடந்ததை அல்ல.

கீரை 1.8 கிலோவில் எவ்வளவு? அதை யார் வாங்கி வருகிறார்கள்?

ஜங்ஷன் தாத்தா | ஜூன் 3, பகல் 2.00

வசமாகப் பிடித்துவிட்டீர்கள். நான்தான்.

காலையில் நடைப்பயிற்சி முடியும் இடம் சூரமங்கலம் உழவர் சந்தை. கிளம்புகிற நேரத்தில் கட்டு விலை இறங்கும். விற்கிற அம்மா "மூணா எடுத்துக்கோங்க சாமி, திருப்பி ஊருக்குத் தூக்கிட்டுப் போகணும்" என்பார். அரைக்கீரை, சிறுகீரை, மணத்தக்காளி, வகைக்கு ஒன்றாக மூன்று. ஆய்வது யார் என்று நான் யோசிப்பதில்லை. ஒன்று அன்று சட்டிக்குப் போகும். இரண்டாவது ஆயாமலே மஞ்சள் அடிக்கும். மூன்றாவது கறுத்துக் கசியும். பத்து ரூபாய் மிச்சம் என்று வாங்கி இருபது ரூபாயைப் பக்கெட்டில் போட்டிருக்கிறேன். பலாக்கொட்டை கொட்டவில்லை அம்மா, சத்தியமாக. சுட்டுத் தின்றோம்.

ஏற்காடு மிளகு | ஜூன் 3, மாலை 5.30

கீரையைக் கழுவாமல், ஈரமில்லாமல் பழைய பருத்தி வேட்டித் துணியில் சுற்றி ஃபிரிட்ஜ் கீழ்ப்பெட்டியில் வையுங்கள். நாலு நாள் நிற்கும். கொத்தமல்லியை வேரோடு டம்ளர் தண்ணீரில் நிறுத்துங்கள். வாழைப்பழம், மாம்பழம், தக்காளி பக்கத்தில் கீரையை வைக்காதீர்கள், பட்டர் ஃப்ரூட்டைப் பழுக்க வைக்கும் அதே வாயு கீரையை மஞ்சளாக்கும். வெங்காயமும் உருளைக்கிழங்கும் ஒரே கூடையில் வேண்டாம்.

ஒரு கட்டு வாங்குவது இதையெல்லாம் விட சுலபம்.

ஜங்ஷன் தாத்தா | ஜூலை 1, இரவு 8.15

ஜூன் கணக்கு. மொத்தம் 12.9 கிலோ. மாம்பழம் குறைந்துவிட்டது, அதனால் வாத்தியார் மார்க் போட வேண்டாம். கொட்டிய சாப்பாடு மட்டும் 2.3 கிலோ. சோறு 600 கிராம், குழம்பு 400, மாவு பூஜ்யம், சில்லறை 200, கீரையும் காயும் 1.1.

கீரை என் கணக்கு. இரண்டு கட்டாகக் குறைத்திருக்கிறேன், அந்த அம்மா முகத்தைப் பார்த்து ஒன்று என்று சொல்ல வாய் வரவில்லை. ஆய்வது இப்போது நான்தான். உட்கார்ந்து ஒரு கட்டை ஆய்ந்து முடிக்க 40 நிமிடம் ஆகிறது. மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து, நான் எறிந்த காம்பில் பாதியைத் திரும்ப எடுத்துப் போடுகிறார்.

ஆழாக்கை மாற்றும் யோசனை பலிக்கவில்லை. மனைவி முதல் நாளே டம்ளரைப் பார்த்துவிட்டு, "இது யார் சொல்லிக் கொடுத்த வேலை?" என்றார். உண்மையைச் சொன்னேன். இந்த இழையை முழுக்க வாசிக்கச் சொன்னார். செவ்வாய்ப்பேட்டைத் தம்பி எழுதியதை இரண்டாம் முறை வாசிக்கச் சொன்னார். மறுநாள் அவராகவே இரண்டு ஆழாக்குப் போட்டார்.

மூன்றாவது வாரம் வெள்ளிக்கிழமை, ராத்திரி பத்தே முக்காலுக்குக் கதவு தட்டுகிற சத்தம். பையன். சோற்றுப் பானையைக் கழுவிக் கவிழ்த்தாகிவிட்டது. மனைவி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! ரவை இருக்கிறது என்றேன். பையன், "அம்மா, உப்புமாவா?" என்று கேட்டுவிட்டு, என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்த் தட்டுவடை செட் இரண்டு பொட்டலம் வாங்கி வந்தான். அப்புறம் உப்புமாவையும் சாப்பிட்டான்.

நால்ரோடு அடுப்படி | ஜூலை 1, இரவு 8.50

வெள்ளிக்கிழமை மட்டும் அண்ணி மூன்று ஆழாக்குப் போடட்டும் அண்ணா. வராவிட்டால் சனிக்கிழமை வெயிலில் சோற்று வடகம். சீரகம், பச்சை மிளகாய், உப்பு அரைத்துப் போட்டுப் பிசைந்து கிள்ளி வைத்தால் இரண்டு நாளில் காய்ந்துவிடும்.

ஜங்ஷன் தாத்தா | ஜூலை 1, இரவு 9.05

மனைவி கேட்கச் சொல்கிறார்: ஆடிக் காற்றில் மாடியில் வடகம் நிற்குமா, பறந்து போகுமா?

நால்ரோடு அடுப்படி | ஜூலை 1, இரவு 9.11

மேலே கொசுவலையைப் போட்டு நாலு மூலைக்கும் கல் வையுங்கள். காக்காயும் வராது.